மாண்டெல்லோவில் ஆறு நாட்கள்

சென்ற ஆண்டு வைகாசியில் நாங்கள் இத்தாலி தேசத்துக்குப் போய் வந்ததிலிருந்து, சங்கத்து அன்பர்கள் எங்களைக் காணுந்தோறும் கேட்பது ஒன்றே. "ரோமாபுரியைப் பார்த்தீர்களா? வெனிஸ் நகரத்துப் படகில் ஏறினீர்களா?" இரண்டும் இல்லை என்று சொன்னால் அவர்கள் முகத்தில் ஓர் இரக்கம் தோன்றுகிறது. இவ்வளவு செலவு செய்து போனவர்கள் அப்படி எங்கேதான் இருந்தார்கள் என்று அவர்கள் வியப்பது நியாயமே. நாங்கள் அத்தேசத்தின் வட பகுதியில், மாண்டெல்லோ டெல் லாரியோ என்னும் சிற்றூரில், ஒரு வீட்டுக் கொட்டகையில், ஓடாத மோட்டார் சைக்கிள் ஒன்றின் அருகில் இருந்தோம். பத்திரிகைக்கு எழுதித் தரும்படி ஆசிரியர் கேட்டபோது இதைத்தான் எழுத முடியும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டோம்.

எங்கள் மைத்துனர் மிலான் நகரில் ஒரு யந்திரத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். அவர் அத்தேசத்துக்குப் போன புதிதில் லெக்கோ என்னும் இரும்புத் தொழில் நகரில் உத்தியோகம். அப்போது அடுத்த ஊரான மாண்டெல்லோவில் ஒரு வயோதிகத் தம்பதியின் மாடியில் மூன்று ஆண்டுகள் குடியிருந்தார். பாஷை தெரியாமல் போய் இறங்கியவரைப் பிள்ளை போல் வைத்துக்கொண்டவர்கள் அவர்கள். "அக்காவையும் அத்தானையும் அழைத்து வா" என்று ஆண்டுதோறும் சொல்லிக்கொண்டிருந்தார்களாம். ஆகவே மிலானில் இரண்டு நாள் தங்கிவிட்டு, புதன்கிழமை காலையில் ரயில் ஏறினோம்.

மிலான் என்றதும் நம் வீடுகளில் பெரியவர்களுக்கு ஒரு பெயர் நினைவுக்கு வர வேண்டும். ஒரு காலத்தில் நம் தெருக்களில் ஓடிய லாம்பிரெட்டா ஸ்கூட்டர், அந்நகரின் லாம்பிராத்தே என்னும் பகுதியில் பிறந்தது. அதன் பெயரே அங்கு ஓடும் லாம்பிரோ ஆற்றின் வழிவந்தது. அதைச் செய்த யந்திரங்களையும் உரிமையையும் 1972-ல் நம் அரசாங்கம் விலைக்கு வாங்கி லக்னோவுக்குக் கொண்டு வந்தது. இத்தாலிய வண்டிகள் நமக்கு முற்றிலும் அந்நியமல்ல என்று சொல்லவே இதைக் குறிப்பிட்டோம்.

லெக்கோவில் இறங்கி, கோலிகோ பக்கம் போகும் உள்ளூர் வண்டிக்கு மாறினோம். ரயில்வேயில் வேலை பார்ப்பவர்கள் எங்கே போனாலும் தண்டவாளத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள் என்று மனைவி சொல்வதுண்டு. இந்த இடத்தில் பார்க்காமல் இருக்க முடியாது. ஏரியோரமாக, மலையைக் குடைந்த சுரங்கம் ஒவ்வொன்றாக நுழைந்து செல்லும் இந்த ஒற்றைப் பாதையில், 1902-லேயே மின்சார ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. அங்கேரி நாட்டு கால்மான் கான்டோ என்னும் எஞ்சினியர் வகுத்த திட்டம் அது. 3000 வோல்ட், மும்முனை மின்சாரம். மேலே இரண்டு கம்பிகள், மூன்றாவது முனைக்குத் தண்டவாளமே கம்பி. பெரும் ரயில் பாதை ஒன்றில் உயர் அழுத்த மும்முனை மின்சாரத்தை உலகிலேயே முதன்முதலாகப் பயன்படுத்தியது இங்கேதான். நம் தேசத்தில் பம்பாய் விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லாவுக்கு முதல் மின்சார வண்டி புறப்பட்டது 1925-ல். இப்போது இப்பாதையிலும் மற்ற பாதைகளைப் போலவே ஒற்றைக் கம்பிதான். இதையெல்லாம் நாங்கள் விவரித்துக்கொண்டிருந்தபோது மனைவி ஜன்னல் வழியே ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதுவும் சரியே. அந்த நீரின் நீலத்தைப் பார்க்காமல் கம்பியைப் பார்ப்பது ஒருவகைப் பைத்தியந்தான்.

கோமோ ஏரிக்கு லாரியோ என்பது பழம்பெயர். தலைகீழாக நிறுத்திய கவட்டைக் கொம்பு போல் அது தெற்கே இரண்டாகப் பிரிகிறது. கிழக்குக் கிளையின் கரையில், கிரீன்யா என்னும் சுண்ணாம்புக்கல் மலையின் அடியில் இருக்கிறது மாண்டெல்லோ. பதினாயிரம் பேர் வாழும் ஊர். ஸ்டேஷனில் இறங்கியதும் ஒரு பக்கம் மலை, மறு பக்கம் ஏரி, மலைப்பக்கத்தில் ரயில் பாதையை ஒட்டினாற்போல் ஒரு நீண்ட தொழிற்சாலைச் சுவர். மோட்டோ குட்ஸி என்னும் மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை அது. பரோடி தெருவில் உள்ள அதன் சிவப்பு வாயிற்கதவின் முன் நின்று படம் எடுத்துக்கொள்வதற்காகவே பல தேசங்களிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். நாங்கள் போன அன்றும் நான்கு ஜெர்மானியர்கள் நின்றார்கள்.

இத்தொழிற்சாலையின் பிறப்பு ஒரு சிநேகிதத்தின் கதை. முதல் உலக யுத்தத்தின்போது இத்தாலியக் கடற்படையின் விமானப் பிரிவில் கார்லோ குட்ஸி யந்திரப் பணியாளர். ஜியோர்ஜியோ பரோடியும் ஜியோவானி ரவெல்லியும் விமானிகள். யுத்தம் முடிந்ததும் மூவரும் சேர்ந்து மோட்டார் சைக்கிள் செய்வது என்று பேசிக்கொண்டார்கள். குட்ஸி வண்டியை வகுப்பது, பரோடி தம் குடும்பத்தின் பணத்தைக் கொண்டு வருவது, பந்தய வீரரான ரவெல்லி ஓட்டிப் பெயர் சம்பாதிப்பது என்பது ஏற்பாடு. 1919-ல் ரவெல்லி விமான விபத்தில் மாண்டார். மற்ற இருவரும் 1921-ல் கம்பெனியைத் தொடங்கியபோது, அவர் நினைவாகச் சிறகு விரித்த கழுகைச் சின்னமாக வைத்தார்கள். இன்றும் ஒவ்வொரு பெட்ரோல் டாங்கியிலும் அந்தக் கழுகு இருக்கிறது. 1950-ல் வண்டிகளின்மேல் காற்று மோதுவதைச் சோதிக்க ஒரு முழு அளவுக் காற்றுச் சுரங்கத்தையே இவ்வூரில் கட்டினார்கள். அடுத்த சில ஆண்டுகளில், கார்க்கானோ என்னும் எஞ்சினியர் 500 சி.சி.க்குள் எட்டு உருளைகளை அடக்கி ஒரு பந்தய வண்டி செய்தார். எட்டு உருளை! ஒவ்வொன்றும் காப்பி டம்ளர் அளவுகூட இராது.

எங்கள் கதைக்கு உரிய வண்டி அதற்குப் பிந்தியது. பெரியவர் வீட்டில் எங்களுக்கு முதல் நாள் மதியம் சாப்பாடு ஆன பிறகே அதைப் பார்த்தோம். சாப்பாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஏரியில் பிடித்த மீனை உப்பிட்டு, வெயிலில் உலர்த்தி, பிரியாணி இலை போன்ற ஓர் இலையை இடையிட்டுத் தகரத்தில் அடுக்கி அழுத்தி வைக்கிறார்கள். மிஸ்ஸோல்தீனோ என்பது அதன் பெயர். அதைத் தணலில் சுட்டு, மக்காச்சோள மாவில் கிண்டிய பொலெந்தா என்னும் களியோடு வைத்தார்கள். மனைவி ஒரு வாய் உண்டதும் எங்களைப் பார்த்தாள். "களியும் கருவாடும்!" என்றாள். மைத்துனர் அதை மொழிபெயர்த்ததும் வீட்டுக்கார அம்மாளுக்கு உண்டான சந்தோஷம் சொல்லி முடியாது. சீமைக்குப் போய் என்னத்தைச் சாப்பிடுவது என்று பயந்து நாங்கள் கட்டிக்கொண்டு போயிருந்த முறுக்கு டப்பாவை அந்த நேரத்தில்தான் வெளியே எடுத்தோம்.

பிறகு பெரியவர் கொட்டகையைத் திறந்தார். பழைய படகுப் பாய் ஒன்றை விலக்கினார். அடியில் இருந்தது 1971-ஆம் ஆண்டின் வி7 ஸ்போர்ட்.

மோட்டார் சைக்கிள் என்றால் நமக்குப் பார்சல் பிளாட்பாரத்தில் வைக்கோலும் கோணியும் சுற்றிக் கிடக்கும் வண்டிதான் பழக்கம். அதனால் எங்கள் அபிப்பிராயத்துக்கு மதிப்பு ஏதும் இல்லை. ஆயினும் அதைக் கண்டதும் சற்று நேரம் பேச்சு வரவில்லை. மிகத் தாழ்ந்த, நீண்ட உருவம். எலுமிச்சங்காயின் பச்சை நிறத்தில் டாங்கி. அதன் கீழே யந்திரத்தைத் தாங்கும் குழாய்ச் சட்டம் செக்கச் சிவப்பு. இரண்டு உருளைகளும் பயில்வானின் தோள்களைப் போல இரு பக்கமும் வெளியே புடைத்து நிற்கின்றன. பின் சக்கரத்துக்குச் சங்கிலி இல்லை. பற்சக்கரங்களோடு கூடிய சுழல்தண்டு.

இதை வகுத்தவர் லீனோ தோந்தி. இவ்வகை யந்திரத்தின் தலைமேல், இரு உருளைகளுக்கும் நடுவில் முன்பு டைனமோ இருந்தது. அதனால் சட்டமும் டாங்கியும் உயர்ந்து, வண்டி எருமை போல் தெரிந்தது. தோந்தி டைனமோவை எடுத்துவிட்டு, மின்சாரம் உண்டாக்கும் பாகத்தை யந்திரத்தின் முன்புறத்துக்குக் கொண்டுபோனார். மேலே இடம் பிறந்தது. சட்டத்தின் குழாய்கள் நேராகவும் தாழ்வாகவும் ஓடின. 757 சி.சி. இருந்த யந்திரம், 750-க்கு உட்பட்ட பந்தயங்களில் கலந்துகொள்வதற்காக 748 ஆகக் குறைந்தது. மணிக்கு 200 கிலோமீட்டர் வேகம். முதலில் செய்த சுமார் 150 வண்டிகளுக்கு மட்டும் குரோமியமும் மாலிப்டினமும் கலந்த எஃகில் சட்டம் செய்து, சிவப்பு வர்ணம் பூசினார்கள். தெலாயோ ரோஸ்ஸோ, அதாவது சிவப்புச் சட்டம் என்று அவற்றுக்குப் பெயர். பிறகு வந்தவற்றுக்குக் கறுப்புச் சட்டம். பெரியவர் வீட்டில் இருப்பது அந்த 150-ல் ஒன்று.

அது அவருடைய தமையனாருடையது. மாண்டெல்லோ மண்ணில் பிறந்தவர். ஆனால் பிழைப்பு ஸ்விட்ஸர்லாந்தில். யுத்தத்துக்குப் பின் லட்சக்கணக்கான இத்தாலியர்கள் அப்படி மலை தாண்டிப் போனார்கள். பாலம் கட்டவும் சுரங்கம் வெட்டவும் போன கூட்டத்தில் அவரும் ஒருவர். அங்கே சேர்த்த பணத்தில் 1974-ல் இந்த வண்டியை இங்கே வாங்கினார். வாங்கியும் அங்கே கொண்டு போகவில்லை. ஆண்டுக்கு ஒரு மாதம், ஆகஸ்டு விடுமுறையில் வந்து, ஏரியோரச் சாலையில் ஓட்டிவிட்டு, மறுபடியும் பாயைப் போர்த்திவிட்டுப் போவாராம். 1987-ஆம் ஆண்டு ஆகஸ்டிலும் அப்படியே போனார். அந்தக் குளிர்காலத்தில் அங்கேயே மாரடைப்பால் காலமானார். பெட்ரோல் குழாயை மூடி, புகைபோக்கிகளில் துணி அடைத்து அவர் நிறுத்திய இடத்திலேயே வண்டி நின்றது.

ஊரில் வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்திருக்கும் நம்மவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இப்போது அதை விற்பது என்று முடிவாகியிருந்தது. பெரியவருக்கு வயது எண்பதை நெருங்குகிறது. வெளிதேசத்துக்காரர் ஒருவர் நல்ல விலை பேசியிருந்தார். மாதக் கடைசியில் வருவதாக ஏற்பாடு. ஜூரிக் நகரில் இருக்கும் தமையனார் மகளும் சம்மதித்துவிட்டாள். அவள் கேட்டது ஒன்றே: விற்பதற்கு முன்னால் ஒரு தரம் அதன் சத்தத்தைக் கேட்க வேண்டும். தகப்பனார் இறந்தபோது அவளுக்கு ஆறு வயது. அவர் முகம்கூடப் படத்தில் பார்த்ததுதான் நினைவில் நிற்கிறது, அந்தச் சத்தம் மட்டும் நிஜமாக நினைவிருக்கிறது என்று எழுதியிருந்தாளாம். ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்தாள்.

புதன் மாலைக்கும் ஞாயிறு காலைக்கும் இடையில் அதை ஓட வைக்க வேண்டும். இதற்கென்று பெரியவர் தம் அண்டை வீட்டுக்காரரை அழைத்திருந்தார். தொழிற்சாலையில் நாற்பது ஆண்டு உழைத்து ஓய்வு பெற்றவர். எதையும் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாதவர். மைத்துனர் லீவு போட்டுக்கொண்டு அவருக்கு உதவினார். நாங்கள் விளக்குப் பிடித்தோம்.

முதல் வேலை எங்களுக்குத் தெரிந்த வேலையாகவே அமைந்தது. பார்சல் ஆபீஸில் மோட்டார் சைக்கிளைப் பதிவு செய்ய வருகிறவர்களிடம் முதலில் நாங்கள் சொல்வது, "பெட்ரோலை வடித்துவிட்டு வாருங்கள்" என்பதுதான். இங்கே வடித்தது பெட்ரோலாக இல்லை. தேநீர் நிறத்தில், வார்னிஷ் வாடையோடு ஒரு திரவம். டாங்கியின் அடியில் துருப்பொடி. டெல்லோர்ட்டோ கார்புரேட்டர்கள் இரண்டையும் கழற்றினால், ஊசித் துவாரங்களெல்லாம் பழுப்புப் பசை காய்ந்து அடைந்து கிடந்தன. டயர்கள் கல்லாகியிருந்தன. பிறகு தீப்பொறிக் கட்டைகளைக் கழற்றி, ஒவ்வோர் உருளைக்குள்ளும் ஒரு கரண்டி எண்ணெய் ஊற்றி, இரவு முழுவதும் ஊறவிட்டார் அண்டை வீட்டுக்காரர். மறுநாள் காலையில் ஐந்தாவது கியரில் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் மெல்லச் சுழற்றினார். யந்திரம் சுழன்றது! பெரியவர் கைதட்டினார். புது பேட்டரி, புது எண்ணெய், நல்ல பெட்ரோல் இவற்றைப் போட்டுக் கிளப்பிவிட வேண்டியதுதான் என்று மைத்துனர் சொன்னார். நாங்களும் அதையே சொன்னோம். ஞாயிற்றுக்கிழமை எங்கள் கண்ணில் நின்றது.

அண்டை வீட்டுக்காரர் பதில் சொல்லாமல் பழைய எண்ணெயை வடித்தார். இவ்வண்டியில் பிற்காலத்து யந்திரங்களைப் போல எண்ணெயை வடிகட்டும் காகித வடிகட்டி கிடையாது. எண்ணெய்த் தொட்டிக்குள் ஒரு கம்பிவலை, அவ்வளவே. தொட்டியைக் கழற்றி அந்த வலையை வெளிச்சத்தில் பிடித்தார். வலையில் சிறு சிறு துணுக்குகள் மினுங்கின. மீன் செதிலைப் போல் இருந்தன. மனைவி முதலில் அப்படித்தான் நினைத்தாளாம், மத்தியானச் சமையலின் கை பட்டுவிட்டதோ என்று.

விஷயம் இதுதான். அக்காலத்து யந்திரத்தில் உருளைகள் அலுமினியம். பிஸ்டன் உராயும் உட்சுவரில் கெட்டியான குரோமியம் பூசியிருப்பார்கள். ஓடிக்கொண்டே இருந்தால் நன்றாக உழைக்கும். ஆனால் ஆண்டுக்கு ஒரு மாதம் மட்டும் ஓடி, மற்ற மாதங்களில் ஏரிக்கரைப் பனியில் ஈரம் வாங்கி நின்றால், நுண்ணிய வெடிப்புகள் வழியே ஈரம் புகுந்து, பூச்சுக்கு அடியில் அலுமினியம் பூத்து, குரோமியத்தைத் தூக்கிவிடுகிறது. பழைய சுவரில் சுண்ணாம்பு பெயர்வது போல. பெயர்ந்த துணுக்கு எண்ணெயோடு போய் யந்திரத்தின் தாங்கிகளை அறுக்கும். கிளப்பியிருந்தால் சத்தம் கேட்டிருக்கும். ஐந்து நிமிஷம் அழகாகக் கேட்டிருக்கும்.

உருளைகள் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதில் ஓர் அனுகூலம் உண்டு. யந்திரத்தைச் சட்டத்திலிருந்து இறக்காமலே தலைகளைக் கழற்றிவிடலாம். வெள்ளிக்கிழமை மாலைக்குள் இரண்டும் மேஜைமேல் இருந்தன. வலது உருளை ஒருவாறு இருந்தது. இடது உருளையின் உள்ளே மேல் விளிம்பருகே, நான்கணா அளவுக்கு ஒரு தழும்பு. அண்டை வீட்டுக்காரர் பெரியவரின் விரலைப் பிடித்து அதன்மேல் வைத்துத் தடவச் செய்தார். பெரியவர் ஒன்றும் சொல்லாமல் வெளியே போய் ஏரியைப் பார்த்து நின்றுவிட்டார். அன்றிரவு களி கிண்டவில்லை, ரொட்டியோடு எழுந்துவிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை அவள் பதினொரு மணி வண்டியில் வந்து இறங்கினாள். பெரியவர் முன்னதாகத் தெரிவிக்கவில்லை. தெரிவிக்க மனம் வரவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். நேரே கொட்டகைக்கு வந்தவள், தோள் இரண்டும் இழந்த வண்டியையும், துணி சுற்றிய பிஸ்டன்களையும் கண்டாள். சித்தப்பா சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தாள். எங்களுக்கு அந்த இடத்தில் நிற்பதே கூச்சமாக இருந்தது. மனைவி மாத்திரம் பக்கத்தில் போய் அவள் கையில் ஒரு முறுக்கைக் கொடுத்தாள். பொதுவாகப் பேச ஒரு பாஷை இல்லை. அவள் அதைக் கடித்தாள்; கொட்டகை முழுவதும் அந்தச் சத்தம் கேட்டது. எல்லாரும் சிரித்துவிட்டோம், அவளும்.

பிறகு அண்டை வீட்டுக்காரரிடம், எவ்வளவு நாள் ஆகும் என்று விசாரித்தாள். இவ்வகை உருளைகளும் அவற்றுக்கேற்ற பிஸ்டன்களும் செய்யும் தொழிற்சாலை அதே ஊரில் இருக்கிறது. இப்போது குரோமியம் அல்ல, நிக்கலோடு சிலிக்கன் கார்பைடு கலந்த பூச்சு, அது பெயர்வதில்லை. ஆனால் யந்திரத்தின் அடிப்பாகம் முழுவதும் பிரித்து, துணுக்குகளைக் கழுவி, தாங்கிகளை மாற்ற வேண்டும். "கிறிஸ்துமஸ்" என்றார் அவர். ஒரே வார்த்தை.

விலை பேசியவர் காத்திருக்கமாட்டார் என்று பெரியவர் தயங்கினார். அவர் ஓடாத வண்டியையும் வாங்கத் தயார். வாங்கிப் போய் வர்ணம் அடித்துப் புதிதாக்கி நிறுத்துவது அவர் உத்தேசம். டாங்கியின் வலப்புறத்தில், முழங்கால் பட்டுப் பட்டுப் பச்சை நிறம் வெளுத்து ஓர் இடம் இருந்தது. அவள் அதைக் கையால் தொட்டாள். வர்ணம் அடிக்கப்படாது என்று சொல்லிவிட்டு, அங்கேயே நின்று அவருக்கு டெலிபோன் செய்தாள். என்ன பேசினாள் என்பதை மைத்துனர் மொழிபெயர்க்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. மாலை வண்டியில் திரும்பும்போது, பழுதான இடது உருளையைப் பழைய செய்தித்தாளில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு போனாள். திங்கட்கிழமை நாங்களும் மிலானுக்குத் திரும்பினோம். ரோமாபுரிக்குப் போட்டிருந்த திட்டம் அத்துடன் கைவிடப்பட்டது, லீவு அவ்வளவுதான்.

மார்கழியில் ஒரு நாள், எங்கள் குவார்ட்டர்ஸில் இரவுச் சாப்பாடு ஆகி உட்கார்ந்திருந்தபோது மைத்துனர் டெலிபோனில் அழைத்தார். "அத்தான், அக்காவையும் கூப்பிடுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேச்சை நிறுத்தினார். முதலில் யாரோ இருமுவது போல் இரண்டு தரம் கேட்டது. பிறகு கனமாக, சீராக, மூச்சு விட்டு மூச்சு விட்டு அடிக்கும் சத்தம். ஊரில் எங்கள் பெரியப்பாவின் கிணற்று எண்ணெய் எஞ்சின் அப்படித்தான் அடிக்கும் என்றாள் மனைவி. அதன் நடுவே இத்தாலிய பாஷையில் ஒரு பெண் குரல் ஏதோ உரக்கச் சொல்லிற்று. பெரியவர் இருமிக்கொண்டே பதில் சொன்னார்.

வண்டி யார் வசம் போயிற்று என்று நாங்கள் இன்னும் விசாரிக்கவில்லை.